எட்டாம் எண் டிராமின் இடப்பக்கம்

என் தொழிலில் வலது என்றால் இடது. பல் டாக்டர் அனுப்புகிற தாளில் இடது ஓரம் வரைந்திருக்கும் பல், நோயாளியின் வலப்பக்கத்துப் பல். அச்சில் பள்ளமாக இருப்பது வாயில் மேடு. முப்பத்தைந்து வருஷம் இப்படிப் பல்செட்டு செய்து பிழைத்தவனுக்குக் கண்ணாடிக்கு உள்ளே எது, வெளியே எது என்பதில் குழப்பமே வராது. இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன். கேட்க ஆளிருந்தால் இரண்டு தடவை சொல்வேன். என் மனைவி சுலேமாவுக்கு இது மனப்பாடம்.

பல்செட்டு போக மீதி நேரத்தில் டிராம் செய்கிறேன். இருபதில் ஒரு பங்கு அளவு. புவெனஸ் அய்ரெஸ் தெருக்களில் டிராம் நின்றுபோனபோது எனக்கு நாலு வயது, ஏறியதாகக்கூட ஞாபகமில்லை. எனவே பழைய காலத்து ஏக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்கிற அரிப்பு மட்டும்தான். ஒரு பித்தளைக் கைப்பிடியை அரைச் சுற்று திருப்பினால் பத்து டன் இரும்பு எப்படி நகர்கிறது என்று யாராவது சொன்னால் நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வருவேன். சக்கரங்களைத் தங்கப்பல் வார்க்கிற முறையிலேயே வார்க்கிறேன். பல்செட்டு உடையாமலிருக்க உள்ளே வைக்கிற கம்பி வலை, டிராமின் வாசல் கேட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பல் டாக்டர்கள் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

2019 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கீழ்வீட்டு தோன்யா எர்சிலியா ஒரு கையில் பிறை ரொட்டிப் பொட்டலமும் இன்னொரு கையில் ஒரு கவருமாக மாடியேறி வந்தார். தோன்யா என்பது எங்கள் ஊரில் வயதான பெண்களுக்கு மரியாதைச் சொல். அவருக்கு எண்பத்தொரு வயது. அதை ரொட்டிக்கடைக்காரன் முதல் பாதிரியார் வரை எல்லாரிடமும் அவரே சொல்லிவிடுவார். அவர் பல்செட்டு நான் செய்ததுதான்.

“டாக்டர், வேலையா இருக்கியா?”

“நான் டாக்டர் இல்லன்னு எத்தன வாட்டி சொல்றது, தோன்யா?”

“பல்லக் குடுத்தவன் டாக்டர்தான். டிராம் பொம்மைய அந்தாண்ட தள்ளு. இதப் பாரு.”

பொம்மை என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். ஆனால் கவரிலிருந்து அவர் எடுத்து வைத்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். உள்ளங்கை அளவுப் புகைப்படம். நின்றுகொண்டிருக்கும் ஒரு டிராம் முன்பக்கமாகத் தெரிகிறது. நெற்றியில் பெரிதாக 8. தொப்பியும் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டுமாக ஓட்டுநர். அவருக்குப் பக்கத்துப் படியில் வெள்ளைப் பள்ளி அங்கி போட்ட இரண்டு சிறுமிகள், அச்சு அசலாக ஒரே முகம். ஆளுக்கொரு டிக்கெட்டை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தி வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். இன்னொருத்தி கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“இவரு எங்கப்பா. இது நானும் இர்மாவும். ரெட்டை. போட்டோ எடுத்த வருஷமே அவ போயிட்டா. தொண்டை அடைப்பான். எங்களுக்கு ஆறு வயசு.”

“இதுல நீங்க யாரு?”

“அதக் கேக்கத்தான் உங்கிட்ட வந்தேன்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குழலை உறிஞ்சிவிட்டுப் பேசினார். படம் அம்மாவின் மேஜை இழுப்பறையில் துணிக்கடியில் இருந்ததாம். இவர் ஒரு தடவை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்கு, அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அப்புறம் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“ஒருத்தி சிரிக்கிறா, ஒருத்தி அழாத குறையா நிக்கிறா. இதுல எவ இர்மா? எனக்கு அது தெரியணும், டாக்டர். கண்ண மூடறதுக்குள்ள தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“முகம் ஞாபகம் வரலையா?”

“யோசிச்சா என் மூஞ்சிதான் வருது. அவளப் பத்தி ஒண்ணுமே நெனவில்ல. அவளுக்கு இடது கைப் பழக்கம், அது மட்டும்தான் தெரியும். டீச்சர் அவ அங்கியோட பெல்ட்டாலயே அந்தக் கைய பெஞ்சுல கட்டி வச்சாளாம். அம்மா சொல்லி அழுவாங்க.”

நான் படத்தை விளக்கடியில் பிடித்தேன். சிரிக்கிற பெண் டிக்கெட்டை இடது கையில் பிடித்திருந்தாள். முறைக்கிற பெண் வலது கையில்.

“முடிஞ்சுதே, தோன்யா. சிரிக்கிறவதான் இர்மா.”

“அது எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் ஸ்டூடியோவுல வேல பாத்தவரு. அந்தக் காலத்துப் படத்துல பாதிய ஃபிலிமைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் பண்ணிடுவானுங்கம்பாரு. இது நேரா, திருப்பிப் போட்டதான்னு அவராலயே சொல்ல முடியல. எட்ட எந்தப் பக்கம் திருப்புனாலும் எட்டுதானே.”

பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஊர்ப்பெயர்ப் பலகை வெயில் பட்டு வெளுத்திருந்தது. கோட்டின் பொத்தான்கள் இரண்டு பக்கமும் ஒன்று. தொப்பி முத்திரை ஒரு புள்ளி. படம் எனக்கு ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்தது. இப்படி ஒரு புதிர் கையில் கிடைத்து வெகுநாளாகியிருந்தது, எனக்கு உள்ளங்கை அரித்தது.

“இந்த வண்டிய அப்படியே செஞ்சு பாத்தா, எந்தப் பக்கம் எதுன்னு தெரிஞ்சிடுமா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சிடும்,” என்றேன். என் வாய் அப்படி.

எட்டாம் எண் வண்டியின் தொழிற்சாலை வரைபடத்தை டிராம் பிரியர்கள் சங்கத்திலிருந்து நகலெடுத்து வந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் செய்வதற்கு முன்னால் ஒரே கேள்வி: இது கண்ணாடியில் மாறுமா, மாறாதா? முன்விளக்கு நடுவில், மாறாது. கூரைக் கம்பம் நடுவில், மாறாது. மணியும் நடுவில். ஓட்டுநரின் கைப்பிடிகள் மட்டும் மாறும், ஆனால் படத்தில் அவற்றை முன்தகடு மறைத்துவிட்டது. ஒரு வண்டி இவ்வளவு அழுத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வாரம் எரிச்சலில் சுலேமாவிடம் வள்ளென்று விழுந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் கேட்டுக்குக் கம்பி வலை வெட்டும்போது பிடிபட்டது. வரைபடத்தில் இரண்டு பக்கமும் படி, இரண்டு பக்கமும் கேட். எந்தப் பக்கத்தை அடைத்து வைப்பது என்பது ஓட்டுகிறவர்கள் பாடு. படத்தில் ஒரு பக்கக் கேட் மூடியிருக்கிறது, சிறுமிகள் நிற்கிற பக்கம் திறந்திருக்கிறது. திறந்திருப்பது வண்டியின் இடப்பக்கம். ஜனங்கள் ஏறுவது நடைபாதையிலிருந்து. நடைபாதை இருப்பது வலப்பக்கம். இடப்பக்கம் இறங்கினால் எதிரே வருகிற வண்டியில் அடிபட்டுச் சாக வேண்டியதுதான். அப்படியானால் படம் திருப்பிப் போடப்பட்டது. சிரிக்கிறவள் டிக்கெட் பிடித்திருப்பது உண்மையில் வலது கை. இடது கைக்காரி, முறைத்துக்கொண்டு நிற்கிறவள்.

மெழுகுக் கறை படிந்த ஏப்ரனோடு படியிறங்கி ஓடினேன். தோன்யா எர்சிலியா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கேட், நடைபாதை, கை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். கண்ணாடிக்கு உள்ளே வெளியே வசனத்தையும் விடவில்லை.

“அப்போ சிரிக்கிறது நானு,” என்றார்.

“நீங்களேதான், தோன்யா.”

கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். “சரி,” என்றார். அவருக்கு நான் ஒரு சிரிப்பைப் பரிசாகக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாடியேறினேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் தினமும் மாடிக்கு வந்தார். முறைக்கிறவளை முதலில் செய்யச் சொன்னார். பல் மெழுகில் செதுக்கினேன். உருவம் என் சுண்டுவிரல் உயரம், முகம் ஒரு கடைவாய்ப்பல் அளவு. படத்தில் பூதக்கண்ணாடி வைத்து அங்கியின் மடிப்பு, முழங்கால், காலுறை, எதையும் விடாமல் எடுத்தேன். தோன்யா எர்சிலியா அந்தச் சின்ன உருவத்துக்கு எதிரே நாற்காலி போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். என் கைவேலையை இப்படி யாரும் ரசித்ததில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ஜூன் மாதம் அவருடைய பல்செட்டு லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. அடியில் புதுப் பூச்சு கொடுத்துச் சரிசெய்தேன். ஜூலையில் மறுபடி ஆடியது. மறுபடி கொடுத்தேன்.

“அந்தம்மா எளச்சுட்டாங்க, கவனிச்சியா?” என்றாள் சுலேமா.

“வயசாச்சு.”

“ரொட்டி வாங்கிட்டு வர்றதில்ல. காய்கறிக்காரன்கூட சண்ட போடறதில்ல. நீ அவங்க வாயத் தவிர வேற எதையும் பாக்க மாட்டியா?”

நான் அப்போது கூரைக்கு நாலாவது பூச்சு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். வண்ணம் அடிக்கும்போது பேசினால் தூசு படியும் என்று அவளை வெளியே அனுப்பினேன்.

ஆகஸ்டில் வண்டி முடிந்தது. வலப்பக்கம் திறந்த படி, இடப்பக்கம் மூடிய கேட். மரப்பலகை இருக்கைகள் ஒவ்வொன்றின் முதுகும் முன்னும் பின்னும் சாய்ந்தது. சிறுமிகளைப் படியில் ஒட்டுவதுதான் பாக்கி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல்செட்டுகள் கொடுக்க ஒன்ஸே போகவேண்டியிருந்தது. வில்லா லூரோ நிலையத்தில் ரயிலுக்கு நின்றேன். பெரிய பெட்டியோடு ஒரு பெண் வந்தாள். பேச்சிலேயே வெனிசுவேலாக்காரி என்று தெரிந்தது.

“சார், ஒன்ஸே போறதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“இந்தப் பக்கம்தாம்மா.”

“எனக்குப் பழகவே மாட்டேங்குது. ரோட்டுல வண்டியெல்லாம் வலப்பக்கம் போகுது, உங்க ஊர் ரயில் மட்டும் ஏன் இடப்பக்கம் போகுது?”

விளக்கம் கேட்டால் என்னைக் கையில் பிடிக்க முடியாது. பையைக் கீழே வைத்தேன். “இது இங்கிலீஷ்காரன் போட்ட தண்டவாளம்மா. அவன் ஊரு மாதிரியே போட்டுட்டான். ரயில் என்ன, முந்தி ரோட்டுலயும் எல்லாமே இடப்பக்கம்தான். காரு, குதிர வண்டி, டிராம், எல்லாம். நாப்பத்தஞ்சாம் வருஷம் ஜூன் மாசம்தான் கவர்மென்ட்டு…”

என் வாய் திறந்தபடி நின்றது.

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

ரயில் வந்தது. பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற அதே இடப்பக்கத்தில் வந்தது. அவள் ஏறிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். எண்பத்தொரு வயது என்றால் முப்பத்தெட்டில் பிறந்தவர். ஆறு வயது என்றால் நாற்பத்துநாலு. அந்த வருஷம் இந்த ஊரில் நடைபாதை, படி, ஏறுகிற வாசல் எல்லாம் இடப்பக்கம். படம் நேரான படம். சிரிக்கிறவள் இர்மா. ஒரு குழந்தை எண்ணிச் சொல்லக்கூடிய கணக்கை ஐந்து மாதம் நான் போடவில்லை. இர்மா எந்த வருஷம் போனாள் என்று அந்த மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கேட்டின் தாழ்ப்பாள் எந்த உலோகம் என்று மட்டும் மூன்று பேரிடம் கேட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சுலேமாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள்.

“காலமெல்லாம் இடப்பக்கம் வர்ற ரயில்ல ஏறி எறங்கிட்டு. பெரிய மேதை.”

“சரி, சரி. இப்ப என்ன பண்றது? சொல்லாம விட்டுடலாமா? சிரிக்கிறது தான்னு நெனச்சுட்டு சந்தோஷமா இருக்காங்க. அதப் போய் எதுக்குப் புடுங்கணும்?”

சுலேமாவின் சிரிப்பு போய்விட்டது. “சந்தோஷமா இருக்கறவங்களுக்கு ரெண்டு மாசத்துல ரெண்டு தடவ பல்செட்டு லூசாகுமா? உனக்கு வேலையக் கெடுத்துக்க மனசில்ல. அதச் சொல்லு.”

அது உண்மைதான். மூன்று நாள் நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கீழ்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் மெஷினை ஓடவிட்டு வேலை நடப்பதுபோல் நடித்தேன். நாலாம் நாள் சின்ன ரம்பத்தை எடுத்து இடப்பக்கக் கேட்டை அறுத்தேன். நாலு பூச்சு வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அறுத்ததை வலப்பக்கத்தில் பற்றவைத்தேன். வண்டி அம்மைத் தழும்புக்காரன் மாதிரி ஆகிவிட்டது. அப்படியே தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

தோன்யா எர்சிலியா சாப்பாட்டு மேஜையில் இருந்தார். சூப் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. நான் வண்டியை மேஜைமேல் வைத்து, இரண்டு மெழுகுச் சிறுமிகளையும் அதன் பக்கத்தில் வைத்தேன்.

“தோன்யா, நான் தப்பு பண்ணிட்டேன். படம் நேராத்தான் இருக்கு. அப்பல்லாம் ஊரே இடப்பக்கம் ஓடுச்சு, நான் மறந்து தொலச்சுட்டேன். சிரிக்கிறது இர்மா. மொறைக்கிறது நீங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்ன.”

“போன தடவ நான் வண்டியோட வாசல மட்டும் பாத்தேன், தோன்யா. வருஷத்தப் பாக்கல. நாப்பத்துநாலுல ஏறுற வாசல் இடப்பக்கம் தவிர வேற எந்தப் பக்கமும் இருக்க முடியாது.”

அவர் முறைக்கிற சிறுமியைக் கையில் எடுத்தார்.

“இந்த அஞ்சு மாசமா நான் என்ன பாத்துட்டிருந்தேன் தெரியுமா? இவ குதிகால நீ தூக்கின மாதிரி செஞ்சிருக்கியே. நிக்கக்கூடத் தெம்பில்லாம நிக்கிறான்னு நெனச்சேன். அப்பவே நோவு வந்துடுச்சு, யாருக்கும் தெரியல, அவ பாட்டுக்குத் தாங்கிட்டு நிக்கிறா. பக்கத்துல நான் ஈன்னு பல்லக் காட்டிட்டு நிக்கிறேன். எனக்குச் சோறு எறங்கல, டாக்டர்.”

நான் பரிசு என்று கொடுத்தது இதைத்தான். எனக்கு அந்த மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்திச் சும்மா இருக்கச் சொன்னார். உட்கார்ந்தபடியே மெழுகுச் சிறுமியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இது நானா?”

“நீங்கதான்.”

“இந்தக் குதிகாலு, போட்டோவுலயே இப்படித்தானா? நீயா செஞ்சதா?”

“போட்டோவுல இருக்கறதுதான். ஷூவ விட்டுக் குதிகால் வெளிய வந்திருக்கு, பாருங்க.”

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய வலது கால், மேஜைக்கடியில், வீட்டுச் செருப்பிலிருந்து மெல்ல நழுவி வெளியே வந்தது. அது வந்ததை அவர் கவனிக்கவில்லை.

“கடிச்சுது,” என்றார்.

“எது?”

“புது ஷூ. அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வாங்கிட்டாங்க. ரெட்டைன்னா காலும் ரெட்டைதான்னு. எனக்குக் கால் பெருசு. டிப்போ வரைக்கும் நொண்டிக்கிட்டே போனேன். அவ எனக்கு முன்னாடி… அவ எனக்கு முன்னாடி நொண்டி நொண்டிக் காட்டிட்டே நடந்தா. என்ன மாதிரியே. அப்பா திட்டத் திட்ட நிறுத்தல.”

படத்தை எடுத்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சிரிக்கிற சிறுமியின் முகம் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவள் பக்கம் திரும்பியிருக்கிறது. அது எனக்கு முதல் நாளே தெரியும். கழுத்துத் திருப்பத்தை அளந்து இருபதில் ஒரு பங்காக்கிச் செதுக்கியவன் நான்தான்.

“என்னப் பாத்துத்தான் சிரிக்கிறா,” என்றார் தோன்யா எர்சிலியா. “பிசாசு.”

எழுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவருக்குத் தன் கூடப்பிறந்தவள்மேல் கோபம் வந்திருந்தது. முகம் சிவந்து, உதடு துருத்தி, படியில் நிற்கிற சிறுமியின் அதே முறைப்பு. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, அதைத் துடைக்காமல் அவர் இர்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.